மடிந்த குதிரைக்கு விலை கொடுத்தவர் யார்?

பரி, புரவி, மா, இவுளி எனக் குதிரைக்குத் தமிழில் பெயர்கள் பல. ஆயினும் தமிழகம் நல்ல குதிரைகளைப் பயந்த நிலமன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடல்வழி வந்திறங்கிய புரவிகளைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. குதிரை வாங்கச் சென்ற அமைச்சர் திருவாதவூரரின் கதையைத் தமிழர் இல்லங்களில் சிறுவரும் அறிவர். நரிகள் பரிகளாயின, இரவில் மீண்டும் நரிகளாகி ஓடின, பாண்டியனின் பொன் போயிற்று. அஃது இறைவனின் திருவிளையாடல். வரலாற்றுப் பாண்டியரும் அவ்வாறே குதிரைக்குக் கொடுத்த பெரும்பொன்னை இழந்தனர். ஆனால் அங்கே நரிகளின் இடத்தில் நின்றது நோய்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கடற்கரைக்கு வந்த வெனிசு நாட்டு மார்க்கோபோலோ இதனை வியப்போடு குறித்துள்ளார். ஓர்மசு, கிசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து வணிகர் குதிரைகளைக் கொணர்ந்தனர். மன்னன் ஆண்டுதோறும் 2,000க்கு மேல் வாங்கினான். அவன் உடன்பிறந்தாரும் அவ்வாறே வாங்கினர். ஆண்டு முடிவில் 100 குதிரைகள்கூட எஞ்சவில்லை என்கிறார் அவர். பேணும் முறை அறியாமையே அதற்குக் காரணம் என்பது அவர் கருத்து. இலாடம் அடித்து நோய் தீர்ப்போரை வணிகர் தம்முடன் கொணரவில்லை. பிறர் கொணரவும் விடவில்லை. குதிரை சாகச் சாக அவர்க்கு வாணிகம் வளர்ந்தது.

பாரசீக வரலாற்றாசிரியர் வசாபு என்பார் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னும் விரிவாக எழுதினார். ஆண்டுக்கு 10,000 குதிரைகள். ஒவ்வொன்றின் விலை 220 பொன் தீனார். வழியில் இறந்தவற்றுக்கும் விலை உண்டு என்பது ஒப்பந்தம். இவ்வெண்களை அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. எனினும், வெவ்வேறு நாட்டவரான இருவரும் குதிரைகள் வீணாயின என்ற ஒரே செய்தியைச் சொல்வது கருதத்தக்கது.

அக்குதிரைகளைக் கொன்ற நோய் யாது? அவற்றின் உணவைப் பற்றி இவ்விருவரும் கூறுவதே நமக்கு விடை தருகின்றது. இறைச்சியோடு சமைத்த சோறு என்கிறார் மார்க்கோபோலோ. வறுத்த பார்லியும், நெய்யில் வேகவைத்த தானியமும், காய்ச்சிய பாலும் என்கிறார் வசாபு. விருந்தினனுக்கு இடுவதுபோல் அன்போடு இட்ட உணவுதான். ஆனால் குதிரைக்கு அது நஞ்சு.

குதிரையின் இரைப்பை, அதன் உடலை நோக்க, மிகச் சிறியது. உண்டது ஒவ்வாவிடினும் அதனால் வாந்தி எடுக்க இயலாது. புல்லை நாள் முழுவதும் சிறிது சிறிதாக மேய்வதற்கென்றே அமைந்த உடல் அது. மாவுப்பொருள் மிகுந்த தானியத்தை ஒரே வேளையில் ஏராளமாக இட்டால், அது செரியாமல் பெருங்குடலை அடைந்து புளிக்கும். வாயு திரண்டு வயிற்றுச் சூலை எழும். குதிரை காலால் நிலத்தைப் பறிக்கும். விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். வியர்த்து விழுந்து புரளும். இதற்குத் தப்பிய குதிரையைக் குளம்பு அழற்சி பற்றும். குளம்பின் உட்புறத் தசைமடல்கள் வீங்கி, நிற்பதும் நடப்பதும் கொடுந்துன்பமாகும். கால் கெட்ட குதிரை போருக்கு உதவாது.

வசாபு மற்றொன்றும் கூறுகிறார். குதிரைகளைக் கொழுக்க வைப்பதற்காக 40 நாள் முளையில் கட்டி வைப்பர். பின்பு பயிற்சியின்றித் திடீரெனக் கடுமையாக ஓட்டுவர். சில நாளில் அவை தளர்ந்து பயனற்றுப் போகும். ஓய்வில் நிறையத் தின்ற குதிரையை உடனே கடும் உழைப்பில் ஈடுபடுத்தினால் தசைகள் விறைத்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகும் என்பதை இன்றைய கால்நடை மருத்துவம் நன்கறியும். ஞாயிறு ஓய்ந்த வண்டிக் குதிரைகளை மறுநாள் பற்றியமையால் ஐரோப்பியர் இதற்குத் திங்கட்கிழமை நோய் என்றே பெயரிட்டனர். அலுவலகம் செல்லும் நம்மவர் சிலர்க்கும் இந்நோய் உண்டு போலும்!

இங்கு ஓர் ஐயம் எழும். பாரதத்தில் குதிரை மருத்துவமே இல்லையா? இருந்தது; மிகச் சிறப்பாகவே இருந்தது. சாலிகோத்திர முனிவர் பெயரால் நூல்கள் வழங்கின. வட இந்தியாவில் குதிரை வைத்தியரைச் சலோத்ரி என்று அழைத்த வழக்கு அம்முனிவர் பெயரிலிருந்து வந்ததே. விராட நகரில் கிரந்திகன் என்னும் பெயரோடு குதிரை பேணிய நகுலனின் பெயரால் அசுவசாத்திரம் ஒன்று உண்டு; அதன் ஓவியச் சுவடி தஞ்சைச் சரசுவதி மகாலில் உள்ளது.

எனவே அறிவு இல்லாமையால் நேர்ந்த கேடு என்று மட்டும் கூறி அமைதல் பொருந்தாது. பொறுப்பு எவரிடம் இருந்தது என்பதே உரிய கேள்வி. கௌடிலியரின் அர்த்தசாத்திரத்தைக் காண்க. குதிரைகளுக்கெனத் தனித் தலைவர் உண்டு. பருவத்துக்கேற்ப உணவை மாற்றுவதும் வைத்தியர் கடமை. வைத்தியரின் கவனக்குறைவால் நோய் முற்றினால் மருத்துவச் செலவைப்போல் இருமடங்கு தண்டம். குதிரை இறந்தால் அதன் விலையே தண்டம். பாண்டிய நாட்டிலோ இறந்த குதிரைக்கும் அரசே விலை தந்தது. விசயநகரத்துச் சாளுவ நரசிம்மனும், கப்பலில் இறந்த குதிரையின் வாலைக் கொணர்ந்து காட்டினாலே முழுவிலை தந்தான் எனப் போர்த்துக்கீசியர் நூனிசு எழுதியுள்ளார். பகைவர்க்குக் குதிரை போய்ச் சேராதிருக்க இவ்வாறு வணிகரை ஈர்த்தல் அரசியல் தேவையாக இருந்திருக்கலாம். ஆயினும் கோப்புகளோடும் கணக்குகளோடும் நாள் கழிக்கும் எம்மனோர்க்கு ஒன்று விளங்குகின்றது: இழப்பு எவரைச் சுடவில்லையோ, அவரிடம் கவனத்தை எதிர்பார்த்தல் வீண்.

பழியனைத்தையும் பேணியோர்மேல் சுமத்துவதும் நீதியன்று. ஈக்கள் பரப்பும் சுர்ரா என்னும் கொடுநோயின் நுண்ணுயிரை கிரிபித்து எவன்சு 1880இல் தேரா இசுமாயில்கானில் கண்டறிந்த பின்னரே அதன் காரணம் தெளிவாயிற்று. 1960இல் இந்தியாவுட் புகுந்த ஆப்பிரிக்கக் குதிரைக் கொள்ளைநோய் சிறு கொசுகுகளால் பரவிப் பல்லாயிரம் குதிரைகளை மாய்த்தது. இந்தியா அந்நோயற்ற நாடு என்ற உலக ஏற்பு 2014இல்தான் கிட்டியது. இத்தகைய நோய்முன் பழங்காலத்து இலாயக்காரர் என்செய்வார்?

ஆனால் உணவு மனிதன் கையில் இருந்தது. இதனை உணர்ந்து செயற்பட்டவர்களுள் ஒருவர் வில்லியம் மூர்கிராப்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1808இல் அவரைப் பீகாரின் பூசாவிலிருந்த குதிரைப் பண்ணைக்குத் தலைவராக்கியது. முறையாகக் கால்நடை மருத்துவம் கற்ற அவர், தீவனத்தையும் கொட்டிலையும் சீர்திருத்துவதில் முனைந்து, ஓட்ஸ் பயிரிடச் செய்தார். அப்பூசாவில் பின்னர் எழுந்த வேளாண் ஆராய்ச்சி நிலையமே, 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற்குப் பின், அவ்வூர்ப் பெயரையும் சுமந்து புதுதில்லிக்கு வந்தது.

இன்று வடமாநிலச் செங்கற்சூளைகளில் சுமையிழுக்கும் குதிரைகளை நாம் காண்கிறோம். அவற்றின் உரிமையாளர் ஏழையர். குதிரை இறந்தால் அவ்வீட்டின் அடுப்பும் அணையும். மன்னரின் இலாயத்தில் இல்லாத ஒன்று அங்குண்டு. இரவில் குதிரை தண்ணீர் குடித்ததா, காலையில் சாணமிட்டதா என்று பார்க்கும் கண் அது. நோயின் முதற்குறியை அக்கண்ணே காணும். அதன் பின் செய்யத்தக்கதைக் கூற, அருகில் ஒரு மருத்துவர் வேண்டும். நூலறிவும் பேணும் கையும் கூடாமையால் பாண்டியர் இழந்தது பொன். இவ்வேழையர் இழப்பது வாழ்வு.