எழுந்து நின்று ஒரு வாக்குறுதி: ஹாலிவுட்டை அடக்கிய கத்தோலிக்கச் சேனை

இன்னைக்கு சினிமா பத்தி ஒரு கதை. ஆனா இந்தக் கதை ஸ்டுடியோல ஆரம்பிக்கல, சர்ச்சுல ஆரம்பிக்குது.

1930களின் நடுப்பகுதி. அமெரிக்காவில் ஏதோ ஒரு பங்குக் கோயில். டிசம்பர் மாசம், மாதாவின் அமல உற்பவத் திருவிழாவை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை. பூசை நடந்துகொண்டிருக்கிறது. சாமியார் சொன்னதும் மொத்த ஜனமும் எழுந்து நிற்கிறது. ஒரே குரலில் ஒரு வாக்குறுதி கொடுக்கிறார்கள். ஏதோ ஜெபம்னு நினைச்சுடாதீங்க. ஒழுக்கக்கேடான படங்களுக்குப் போக மாட்டோம், அந்த மாதிரிப் படங்களையே கொள்கையா வச்சு ஓட்டுற தியேட்டர்களுக்கும் போக மாட்டோம். இதுதான் வாக்குறுதி.

வருஷா வருஷம் இது நடந்தது. இதை நடத்திய அமைப்பின் பெயர் லீஜியன் ஆஃப் டீசென்ஸி. லீஜியன்னா சேனை. நம்ம ஊர் பங்குகள்ல 'மரியாயின் சேனை'ன்னு ஒண்ணு இருக்கும் இல்லையா, அதே சொல். தமிழில் 'கண்ணியச் சேனை' என்று வைத்துக்கொள்ளலாம். இந்தச் சேனை முப்பது வருஷத்துக்கு மேல், உலகத்தின் மிகப்பெரிய சினிமாத் தொழிலையே தன் பேச்சைக் கேட்க வைத்தது. எப்படி? யார் இவங்க? எதுக்காகச் செஞ்சாங்க? எந்த இடத்துல எல்லை தாண்டினாங்க? இதைத்தான் இந்த எபிசோட்ல பார்க்கப்போறோம்.

யார் இந்தக் கத்தோலிக்கர்கள்?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கலாம். அன்றைய அமெரிக்காவில் கத்தோலிக்கர்கள் சிறுபான்மை. சுமார் 2 கோடிப் பேர். பெரும்பாலும் அயர்லாந்து, இத்தாலி, போலந்து மாதிரி நாடுகளிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள். தொழிற்சாலை வேலை, துறைமுக வேலை, போலீஸ் வேலை. புராட்டஸ்டன்ட் பெரும்பான்மை அவர்களைச் சந்தேகத்தோடு பார்த்தது. 'இவங்க விசுவாசம் வாஷிங்டனுக்கா, ரோமுக்கா?' என்பது அன்றைக்குச் சாதாரணமாகக் கேட்கப்பட்ட கேள்வி. 1920களில் கூ க்ளக்ஸ் கிளான் கறுப்பினத்தவரையும் யூதர்களையும் மட்டும் குறிவைக்கவில்லை, கத்தோலிக்கர்களையும் குறிவைத்தது. 1928இல் அல் ஸ்மித் என்ற கத்தோலிக்கர் முதன்முறையாக ஒரு பெரிய கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக நின்றார். படுதோல்வி. அந்தப் பிரசாரத்தில் அவருடைய மதம் பெரிய பிரச்சினையாக்கப்பட்டது.

ஆக, அவமானப்பட்டு நிற்கும் ஒரு சமூகம் இது. ஆனா அவங்க கையில ரெண்டு பலம் இருந்தது. ஒன்று, அவர்கள் வாழ்ந்த இடம். நியூயார்க், சிகாகோ, பாஸ்டன், பிலடெல்பியா எல்லாம் கத்தோலிக்கர்கள் நிறைந்த நகரங்கள். ஹாலிவுட்டின் பெரிய தியேட்டர்களும் அங்கேதான். இன்னொன்று, அமைப்பு. ஆயர் ஒரு கடிதம் எழுதினால், அடுத்த ஞாயிறே மறைமாவட்டத்தின் அத்தனை கோயில்களிலும் வாசிக்கப்படும். இப்படி ஒரு நெட்வொர்க் வேற யார்கிட்டயும் இல்ல.

விதி எழுதியாச்சு, யார் கேட்டா?

இப்போ சினிமா பக்கம் வருவோம். 1915இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. சினிமா ஒரு வியாபாரம், அதற்குப் பத்திரிகைக்கு இருப்பதுபோல் கருத்துச் சுதந்திரப் பாதுகாப்பு கிடையாது என்று. அதனால் மாநிலங்களும் நகரங்களும் ஆளாளுக்குத் தணிக்கைக் குழு வைத்துக்கொண்டு படங்களை வெட்டின. இதற்கு நடுவே ஹாலிவுட்டில் அடுத்தடுத்து பல ஊழல், பாலியல் விவகாரங்கள். பயந்துபோன ஸ்டுடியோக்கள் 1922இல் ஒரு சங்கம் தொடங்கி, முன்னாள் தபால்துறைத் தலைவர் வில் ஹேஸை அதன் தலைவராக்கின. அரசாங்கம் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை.

1929இல் மார்ட்டின் குவிக்லி என்ற சினிமாப் பத்திரிகை முதலாளியும், டேனியல் லார்ட் என்ற இயேசு சபைச் சாமியாரும் சேர்ந்து படங்களுக்கான ஒரு விதித்தொகுப்பை எழுதினார்கள். இருவரும் கத்தோலிக்கர்கள். குற்றம் செய்பவன் மேல் அனுதாபம் வரக் கூடாது. திருமணத்தின் புனிதம் காக்கப்பட வேண்டும். மதகுருமாரைக் கேலி செய்யக் கூடாது. 1930 மார்ச்சில் ஸ்டுடியோக்கள் இதை ஏற்றுக்கொண்டன. காகிதத்துல மட்டும்!

ஏன்னா, அதே நேரத்துல பொருளாதாரப் பெருமந்தம். தியேட்டர்கள் காலி. கூட்டத்தை வரவைக்க ஸ்டுடியோக்கள் எது ஓடுமோ அதை எடுத்தன. 1933இல் வந்த 'பேபி ஃபேஸ்' படத்தில் பார்பரா ஸ்டான்விக் ஒரு வங்கியில் ஆண்களை வசப்படுத்தி மாடி மாடியாக மேலே ஏறுவார். மே வெஸ்ட் இரட்டை அர்த்த வசனங்களாலேயே நட்சத்திரமானார். துப்பாக்கி தூக்கும் தாதாக்கள் ஹீரோ ஆனார்கள்.

இங்கே சேனை பக்க நியாயத்தையும் கேட்கணும். அன்றைக்கு வயது வாரியாகச் சான்றிதழ் கிடையாது. எட்டு வயதுப் பையனும் அப்பாவும் ஒரே படத்துக்குத்தான் போனார்கள். தியேட்டர்காரருக்கும் தேர்வு செய்ய வழியில்லை. நல்ல படம் வேண்டுமென்றால், ஸ்டுடியோ கட்டாகக் கொடுக்கும் மற்ற படங்களையும் சேர்த்தே வாங்க வேண்டும். 'எங்க தெருவுல என்ன படம் ஓடணும்னு எங்கயோ இருக்கிற ஒருத்தர் ஏன் முடிவு பண்ணணும்?' என்று ஒரு அம்மா கேட்டால், அது முட்டாள்தனமான கேள்வி இல்லை.

பிலடெல்பியா அடி

1933 அக்டோபரில் போப்பின் பிரதிநிதி பேராயர் சிகோக்னானி நியூயார்க்கில் பேசும்போது, சினிமாவைச் சுத்தம் செய்யக் கத்தோலிக்கர்கள் ஒன்றுபட வேண்டும் என்றார். ஆயர்கள் குழு அமைத்தார்கள். 1934 வசந்தத்தில் சேனை பிறந்தது. சில மாதங்களில் லட்சக்கணக்கானவர்கள் வாக்குறுதியில் கையெழுத்துப் போட்டார்கள். சில புராட்டஸ்டன்ட், யூத மதத் தலைவர்களும் ஆதரவு தந்தார்கள்.

உண்மையான அடி பிலடெல்பியாவில் விழுந்தது. அந்த நகரத்தின் கர்தினால் டோகெர்ட்டி, 'கெட்ட படத்துக்குப் போகாதீர்கள்' என்று சொல்லவில்லை. எந்தப் படத்துக்குமே போகாதீர்கள் என்றார்! தியேட்டர் வசூல் சரிந்தது. ஏற்கெனவே கடனில் இருந்த ஸ்டுடியோக்கள் ஆடிப்போயின.

1934 ஜூலையில் ஹேஸ் இறங்கி வந்தார். விதிகளை அமல்படுத்தத் தனி அலுவலகம். அதன் முத்திரை இல்லாமல் படத்தை வெளியிடும் ஸ்டுடியோவுக்கு 25,000 டாலர் அபராதம். அலுவலகத்தின் தலைவர் ஜோசப் ப்ரீன். பிலடெல்பியாவில் பிறந்த ஐரிஷ் கத்தோலிக்கர், முன்னாள் பத்திரிகையாளர். அப்போ எப்படிப் போச்சுன்னு பாருங்க: விதியை எழுதியது கத்தோலிக்கர்கள், அமல்படுத்துவது ஒரு கத்தோலிக்கர், வெளியே நின்று மிரட்டுவது கத்தோலிக்கச் சேனை. 1936இல் போப் பதினோராம் பத்திநாதர் சினிமாவுக்கென்றே ஒரு சுற்றுமடல் எழுதி, அமெரிக்கச் சேனையைப் பாராட்டினார்.

சேனை தன் பங்குக்குப் படங்களை வகைப்படுத்தியது. 'ஏ' என்றால் பார்க்கலாம். 'பி' என்றால் ஒரு பகுதி ஆட்சேபத்துக்குரியது. 'சி' என்றால் கண்டனம், பார்க்கவே கூடாது. படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கக் கல்லூரிகளில் படித்த பெண்கள். பட்டியல் கோயில் வாசலில் ஒட்டப்பட்டது. 'சி' வாங்கும் தைரியம் எந்தப் பெரிய ஸ்டுடியோவுக்கும் இல்லை.

திரையில் என்ன மாறியது?

வேடிக்கையானதிலிருந்து ஆரம்பிக்கலாம். கார்ட்டூன் நாயகி பெட்டி பூப்பின் பாவாடை நீளமானது. ஆமா, கார்ட்டூனுக்குத்தான்! கணவன் மனைவிக்கே தனித்தனிக் கட்டில். கொலைகாரன் கடைசியில் சாக வேண்டும், இல்லை ஜெயிலுக்குப் போக வேண்டும்.

மற்றது அவ்வளவு வேடிக்கை இல்லை. ஒருபால் ஈர்ப்பு திரையிலிருந்தே துடைக்கப்பட்டது. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான காதலுக்குத் தடை. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. இந்தத் தடை கத்தோலிக்க மறையிலிருந்து வந்தது இல்லை. 1927இல் ஹாலிவுட் தானே போட்ட பட்டியலிலேயே இருந்தது. தென் மாநில வெள்ளையரின் மனம் கோணக் கூடாது என்ற வியாபாரக் கணக்கு. ஒழுக்கம் என்ற பெயரில் நிறவெறியும் சேர்ந்து சவாரி செய்தது. ப்ரீனின் தனிப்பட்ட கடிதங்களில் யூத ஸ்டுடியோ முதலாளிகளைப் பற்றி அசிங்கமான வசவுகள் இருந்ததும் பின்னாளில் வெளியே வந்தது.

அரசியலும் உள்ளே நுழைந்தது. 1938இல் 'பிளாக்கேட்' என்ற படம் ஸ்பெயின் உள்நாட்டுப் போரைப் பேசியது. ஸ்பெயின் திருச்சபை பிராங்கோவின் பக்கம். படமோ எதிர்த்தரப்பு மக்கள் மேல் அனுதாபம் காட்டியது. அதில் ஆபாசம் எதுவும் இல்லை. ஆனாலும் கத்தோலிக்க அமைப்புகள் எதிர்த்தன, சேனையும் வழக்கமான பட்டியலில் சேர்க்காமல் தனி வகையில் வைத்தது. பாவாடை நீளத்தில் ஆரம்பித்தது, 'எந்தப் போரில் யார் நல்லவர்' என்பது வரைக்கும் வந்து நின்றது.

ஒரு இத்தாலியக் குறும்படம்

இப்போ நம்ம கதையின் திருப்புமுனை. 1950 டிசம்பர், நியூயார்க். பாரிஸ் தியேட்டரில் ரோசெல்லினி இயக்கிய 'தி மிராக்கிள்' என்ற இத்தாலியப் படம் வருகிறது. நாற்பது நிமிஷம்தான். அன்னா மன்யானி ஒரு அப்பாவி கிராமத்துப் பெண்ணாக நடித்திருப்பார். வழிப்போக்கன் ஒருவனைப் புனித சூசையப்பர் என்று நம்புகிறாள். கர்ப்பமாகிறாள். அது கடவுளின் அற்புதம் என்கிறாள். ஊர் அவளைக் கேலி செய்து துரத்துகிறது. அந்த வழிப்போக்கனாக நடித்தவர், கதையை எழுதிய பெடரிகோ ஃபெல்லினி.

நியூயார்க் கர்தினால் ஸ்பெல்மன் இது தெய்வ நிந்தனை என்றார். அவருடைய கண்டனம் ஞாயிறு பூசைகளில் வாசிக்கப்பட்டது. தியேட்டர் வாசலில் மறியல், உள்ளே வெடிகுண்டு மிரட்டல். 1951 பிப்ரவரியில் மாநில அதிகாரிகள் 'தெய்வ நிந்தனை' என்ற காரணம் சொல்லிப் படத்தின் உரிமத்தையே ரத்து செய்தார்கள்.

இங்கதான் கோடு தாண்டுது, கவனிங்க. 1934இல் நடந்தது புறக்கணிப்பு. 'நாங்க போக மாட்டோம்' என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. 1951இல் நடந்தது வேறு. 'எங்க மனசு புண்படுது, அதனால யாருமே பார்க்கக் கூடாது' என்று அரசின் கையால் பூட்டுப் போட்டது.

விநியோகஸ்தர் ஜோசப் பர்ஸ்டின் பெரிய ஆள் இல்லை. போலந்திலிருந்து வந்த யூதர், வெளிநாட்டுப் படங்களை வாங்கி ஓட்டிய சின்ன வியாபாரி. பெரிய ஸ்டுடியோக்கள் அவர் பக்கம் வந்து நிற்கவில்லை. தனியாளாக உச்ச நீதிமன்றம் வரை போனார். 1952 மே 26, ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: சினிமாவும் கருத்துதான், அதற்கும் சுதந்திரம் உண்டு, தெய்வ நிந்தனை என்று சொல்லி அரசு ஒரு படத்தைத் தடை செய்ய முடியாது. 1915 தீர்ப்பு கவிழ்ந்தது. அடுத்த வருஷமே பர்ஸ்டின் இறந்துவிட்டார்.

கத்தோலிக்கர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள் என்றும் நினைக்க வேண்டாம். இந்தப் பிரசாரம் நம் மதத்துக்கே அழகல்ல என்று வில்லியம் கிளான்சி என்ற கத்தோலிக்க எழுத்தாளர் 'காமன்வீல்' இதழில் எழுதினார். கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அவர் பார்த்துவந்த ஆசிரியர் வேலை பறிபோனது. ஜான் கோர்ட்னி முர்ரே என்ற இயேசு சபை இறையியலாளர் 1950களில் இன்னும் ஆழமாக வாதிட்டார். பாவம் எல்லாவற்றையும் சட்டத்தால் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஒரு குழு தன் உறுப்பினர்களுக்கு அறிவுரை சொல்லலாம், மற்றவர்களிடம் வாதாடலாம், ஆனால் பன்மைச் சமூகத்தில் தன் தராதரத்தை வற்புறுத்தித் திணிக்க அதற்கு உரிமை கிடையாது. இதுதான் அவர் வாதத்தின் சாரம்.

சேனை கலைந்த கதை

1956இல் 'பேபி டால்' படம் வந்தது. ஹாலிவுட்டின் சொந்த முத்திரையையே வாங்கிய படம். ஆனாலும் சேனை 'சி' கொடுத்தது. ஸ்பெல்மன் பிரசங்க மேடை ஏறிக் கண்டித்தார். படத்தை அவர் பார்த்திருக்கவில்லை! சில தியேட்டர்கள் பின்வாங்கின, ஆனால் படம் ஓடியது. 1959இல் 'சம் லைக் இட் ஹாட்' முத்திரையே இல்லாமல் வெளியாகிச் சக்கைப்போடு போட்டது. கத்தோலிக்கக் குடும்பங்களும் மாறியிருந்தன. அல் ஸ்மித் தோற்ற நாட்டில் 1960இல் ஜான் கென்னடி என்ற கத்தோலிக்கர் ஜனாதிபதியாகவே ஜெயித்துவிட்டார். தன் பலத்தைக் காட்ட இனி அந்தச் சமூகத்துக்கு சினிமா தேவைப்படவில்லை.

1965இல் சேனை தன் பெயரை மாற்றிக்கொண்டது. 'சேனை' போய், 'சினிமாவுக்கான தேசியக் கத்தோலிக்க அலுவலகம்' ஆனது. 1968இல் ஹாலிவுட் பழைய விதிகளைக் கைவிட்டு, வயது வாரியான தரவரிசைக்கு மாறியது. 1934இல் அந்த அம்மா கேட்ட கேள்விக்கான பதில் கடைசியில் இப்படித்தான் வந்தது. படத்தை வெட்டுவதற்குப் பதிலாக, யாருக்கான படம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது.

இந்தக் கதையில் எனக்கு உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. கேலிக்கும் வெறுப்புக்கும் ஆளான ஒரு சிறுபான்மை, தன் ஒற்றுமையால் ஒரு ராட்சசத் தொழிலைப் பணிய வைத்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா ஜெயிச்ச பிறகு, தங்களுக்கு ஒரு காலத்தில் மற்றவர்கள் செய்ததை அவர்கள் மற்றவர்களுக்குச் செய்தார்கள். எழுந்து நின்று 'நான் போக மாட்டேன்' என்று சொல்வதற்கும், 'நீயும் போகக் கூடாது' என்று சொல்வதற்கும் நடுவில் ஒரே ஒரு அடிதான். அந்த ஒரு அடியை எடுத்து வைக்கும்போது யாருக்கும் தெரிவதில்லை, பதினேழு வருஷம் கழித்துத் திரும்பிப் பார்த்தால்தான் தெரிகிறது.

நீங்க என்ன நினைக்கிறீங்க? புறக்கணிப்பு எந்த இடத்துல மிரட்டலா மாறுது? யோசிச்சு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.