யவனர்

தவளக்குப்பத்துக்கு வடக்கே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது இத்தாலிய அரெட்டைன் பாண்டங்கள் கிடைத்தன. அந்த வணிகத்தின் மறுமுனையில் இருந்தவர்களைச் சங்கப் பாடல்கள் யவனர் என்கின்றன. இச்சொல்லின் உறவு ஹோமரிடமே இருக்கிறது. அவர் கிரேக்கரைப் பெரும்பாலும் அக்கேயர், தனாயர், ஆர்கோஸார் என்றே அழைக்கிறார். அயோனியரைக் குறிக்கும் ‘இயாஓனெஸ்’ இலியட்டின் 13-ஆம் காண்டத்தில் ஒரே ஓரிடத்தில் வருகிறது. அதில் இரண்டு உயிர்கள் ஒட்டாமல் அடுத்தடுத்து நிற்பது, நடுவிலிருந்த வகரம் தேய்ந்துபோன தடம். ஹோமருக்குப் பல நூற்றாண்டு முந்திய நோசோஸ் களிமண் ஏடுகளில் அந்த வகரம் எழுத்தாகவே இருக்கிறது. எபிரேயரின் ‘யாவான்’ அதைக் காத்தது. காப்பியக் கவி இழந்த அந்த ஒலி நம் யவனரிலும் கேட்கிறது என்பதே என் துணிபு.

தமிழ் இதை நேரே பெறவில்லை, வடக்கிலிருந்து பெற்றது என்று மறுப்பார்கள். உண்மைதான். அசோகர் கல்வெட்டுகளில் ‘யோன’ என்றே இருக்கிறது. வடமொழி வகரம் பின்னால் சேர்ந்தது என்போரும் உண்டு. ஆனால் பாரசீக ‘யவுன’வின் உகரமே அந்தப் பழைய வகரத்தின் எச்சம், எவ்வழி வந்தாலும் ஊற்று ஒன்றுதான். வந்தவர்கள் ரோமப் பேரரசின் குடிகள் அல்லவா என்பது அடுத்த கேள்வி. அக்கடல் வணிகத்தின் பெருமொழி கிரேக்கம். அரிக்கமேடு எனப் பலரும் கருதும் பொதுகேயைக் குறிப்பிடும் பெரிப்ளூஸ் நூலும் கிரேக்கத்தில்தான் உள்ளது. பின்னாளில் மேலைக்கடல் வழி வந்த அரபியருக்கும் இச்சொல்லின் கிளையான சோனகர் என்பது பெயராயிற்று.