பிறப்பா, வளர்ப்பா? இளைஞர் மனவடக்கம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வினா அடிக்கடி எழுவதுண்டு. பதினாறு வயதுப் பிள்ளை கைப்பணத்தை ஒரே நாளில் செலவழித்துவிட்டால், “எல்லாம் பாட்டன் வழி வந்த குணம்” என்பார் ஒருவர். “அயலூர் மண்ணின் வாசனை” என்பார் மற்றொருவர். இளமையில் மனத்தை அடக்கியாளும் ஆற்றல் பிறப்போடு வருவதா, சூழலால் அமைவதா? இதற்கு விடை தேடிய வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை ஒட்டியிருப்பது ஆரியசாலை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாசர் உருவாக்கிய சாலைச் சந்தையில் தமிழ் வணிகர் பலர் வேரூன்றினர். ஆண்டுதோறும் நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசுவாமி ஆரியசாலைக் கோயிலுக்கு எழுந்தருளுகிறார். உடன் வரும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி தேவி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் வீற்றிருப்பாள். 1956-ஆம் ஆண்டு கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்பும் இவ்வழக்கம் நின்றுவிடவில்லை. மாநில எல்லை மாறிற்று. குறித்த நாளில் வருதல் என்னும் முறை மாறவில்லை. அந்த முறையின் அருமை பின்னர் விளங்கும்.

ஆரியசாலைக்குத் தொலைவில்லாத தைக்காட்டில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அய்யாவு சுவாமிகள் என்னும் தமிழ்ப் பெரியார் வாழ்ந்தார். ரெசிடென்சியில் மேற்பார்வையாளராகப் பணி புரிந்தவர் அவர். ஒழுக்கமும் புலனடக்கமும் குலத்தோடு பிறப்பவை என்று பலர் நம்பிய காலம் அது. அவரோ பல குலத்தாரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உணவளித்தார். இளைஞர்களாயிருந்த சட்டம்பி சுவாமிகளும் நாராயண குருவும் அவரிடம் யோகம் பயின்றனர். அடக்கம் கற்பிக்கத்தக்கது, கற்கத்தக்கது என்பதற்கு அந்த இல்லமே சான்றாயிற்று.

அதே காலத்தில், 1875-ல், இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் இரட்டையரின் வாழ்க்கைக் குறிப்புகளைத் திரட்டி, வளர்ப்பினும் பிறப்பே வலியது என்று எழுதினார். இரட்டையரை ஒப்பிட்டு ஆராயும் வழியைத் திறந்த பெருமை அவருடையது. ஆயினும், நற்பிறப்பு என்றும் தாழ்பிறப்பு என்றும் மாந்தரைத் தரம் பிரிக்கும் கொடிய கொள்கைக்கும் அவர் எழுத்தே வித்தாயிற்று.

இனி, கடல் கடந்து செல்வோம். 1845 முதல் 1917 வரை இந்தியர் பலர் ஒப்பந்தக் கூலிகளாகத் திரினிடாட் தீவுக்குச் சென்றனர். சென்னையில் கப்பலேறிய தமிழரும் அவர்களுள் உண்டு. அத்தீவில் வாழ்ந்த இந்திய, ஆப்பிரிக்க வம்சத்துச் சிறுவரிடம் வால்டர் மிஷல் என்னும் உளநூலறிஞர் ஆய்வு நடத்தி, 1958-ல் வெளியிட்டார். “இன்றே சிறிய மிட்டாய் வேண்டுமா? ஒரு வாரம் பொறுத்துப் பெரிய மிட்டாய் வேண்டுமா?” என்பதே கேள்வி. காத்திருக்க இசைந்தோர் இந்தியச் சிறுவருள் மிகுதி. இரத்தத்தின் சிறப்பு என்று இதனைக் கொண்டாடியிருக்கலாம். ஆனால், தந்தை உடனில்லாத சிறுவரே உடனடிப் பொருளை அதிகம் நாடினர் என்பதும் புலப்பட்டது. வம்சம் என்று தோன்றியதன் பின்னால் வீட்டின் நிலை இருந்தது.

அப்படியானால் மரபணுவுக்குப் பங்கே இல்லையா? உண்டு. 30,000-க்கும் மேற்பட்ட இரட்டையரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வெளிவந்த மதிப்பீடு, மனவடக்கத்தில் மக்களிடையே காணும் வேற்றுமைகளில் சுமார் 60 விழுக்காடு மரபுவழிப்பட்டது என்கிறது. ஒரு பையனின் குணத்தில் அறுபது பங்கு பாட்டனுடையது என்று இதற்குப் பொருளன்று. ஒரே வயலில் பல விதைநெல்லைத் தூவினால், பயிர்களின் ஏற்றத்தாழ்வுக்கு விதை காரணமாகலாம். வயலுக்கு நீர் வற்றினால் எல்லா விதையும் வாடும். விதையின் கணக்கு வயலின் கணக்கை நீக்கிவிடாது.

வயலின் தன்மை யாது? 2013-ல் வெளிவந்த, அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் நடந்த ஆய்வு ஒன்றைக் காட்டுகிறது. 28 குழந்தைகளுக்கு நல்ல வண்ணப் பொருள்கள் தருவதாக வாக்களித்து, பாதிப் பேருக்கு வாக்கைக் காத்தனர், மற்றவர்க்குத் தவறினர். பின்னர் தின்பண்டத்தை எதிரே வைத்துக் காத்திருக்கச் சொன்னபோது, முன்னவர் சராசரி 12 நிமிடம் பொறுத்தனர். பின்னவர் 3 நிமிடமே பொறுத்தனர். ஏமாந்த குழந்தை காத்திராமை குணக்கேடன்று. அனுபவம் கற்பித்த பாடமே அது. சிறுவயதில் காத்திருந்த ஆற்றலுக்கும் பிற்காலக் கல்விச் சிறப்புக்கும் உள்ள தொடர்பு, குடும்பத்தின் நிலையைக் கணக்கில் கொண்டால் மிகவும் குறைகிறது என்று 2018-ல் வெளிவந்த ஆய்வும் கூறுகிறது.

பொறுமை என்பது நம்பிக்கையின் பிள்ளை. பிழைப்பின் பொருட்டுத் தந்தை ஓரூரிலும் மக்கள் ஓரூரிலும் வாழ நேரிடுவது குடியேறியவர் வாழ்வில் இயல்பு. அதனால் மனம் குன்ற வேண்டுவதில்லை. விடுமுறைக்கு வருகிறேன் என்றால் வருவதும், தருகிறேன் என்றதைத் தருவதும், இயலாதபோது முன்னரே காரணம் சொல்லுவதும் எந்த மொழி வழங்கும் ஊரிலும் இயலக்கூடியவை. விதையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எவருக்கும் இல்லை. வயலுக்கு நீர் பாய்ச்சும் கடமை நம்முடையது. குறித்த நாளில் ஆரியசாலைக்கு எழுந்தருளும் குமாரசுவாமியின் பல்லாண்டுப் பயணம் அந்தக் கடமையையே நமக்கு நினைவூட்டுகிறது.