படைப்புழுவின் காதல் நேரம்: அந்துப்பூச்சி எந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறது?

2018ல் கர்நாடகாவில் முதலில் கண்டறியப்பட்ட அமெரிக்கப் படைப்புழு, அதே ஆண்டு தமிழ்நாட்டு மக்காச்சோள விவசாயிகளின் வயிற்றிலும் அடித்தது. அதைக் கண்காணிக்க வயல்களில் இன்று தொங்குவது இனக்கவர்ச்சிப் பொறி. பெண் அந்துப்பூச்சியின் வாசனையைச் செயற்கையாகப் பரப்பி, ஆணை ஏமாற்றி வரவழைக்கும் டெக்னிக் இது. ஆனால் இந்தக் காதலில் வாசனை பாதிதான். மீதி பாதி, டைமிங்.

பெண் எப்படி அழைக்கிறது?

இருட்டிய பிறகு, வயிற்று நுனியிலுள்ள சுரப்பியை வெளியே நீட்டி ஃபெரோமோன் என்ற வாசனைப் பொருளைக் காற்றில் விடும். ராத்திரி முழுக்க அல்ல, குறிப்பிட்ட சில மணி நேரம்தான். ஆண் தன் உணர்கொம்புகளால் அதை மோப்பம் பிடித்து வரும்.

நேரத்தைச் சொல்வது யார்?

செல்லுக்குள் இருக்கும் கடிகார மரபணுக்கள். 'பீரியட்' போன்ற மரபணுக்களிலிருந்து உருவாகும் புரதம் சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் அந்த மரபணுவையே ஆஃப் செய்யும். புரதம் சிதைந்ததும் மறுபடி ஆன். ஒரு சுற்றுக்கு சுமார் 24 மணி நேரம். பழ ஈக்களில் இதைக் கண்டறிந்த மூவருக்குத்தான் 2017ல் மருத்துவ நோபல் கிடைத்தது. படைப்புழுவின் உறவான எகிப்தியப் பருத்தி இலைப்புழுவில், ஆணின் உணர்கொம்பிலும் இந்த மரபணுக்கள் தனியாக இயங்குகின்றன.

இந்தக் கடிகாரத்தை சரிசெய்வது சூரிய வெளிச்சம், இந்திய நேரம் அல்ல. அந்தமானின் குட்வில் எஸ்டேட்டிலும் சென்னையிலும் கைக்கடிகாரம் ஒரே மணி காட்டும். ஆனால் அந்தமானில் சூரியன் சுமார் 50 நிமிடம் முன்பே மறைந்துவிடும். பூச்சிகளின் இரவும் அங்கே அப்போதே தொடங்கிவிடும்.

நேரம் மாறினால் என்ன ஆகும்?

ஜோடி சேராது. படைப்புழுவில் சோள ரகம், நெல் ரகம் என இரண்டு உண்டு. சோள ரகம் முன்னிரவில் இணைசேரும். நெல் ரகம் சுமார் மூன்று மணி நேரம் கழித்து. ஒருவர் டே ஷிஃப்ட், இன்னொருவர் நைட் ஷிஃப்ட் என்றால் ஒரே வீட்டிலும் பார்த்துக்கொள்வது கஷ்டம்தானே? அதே கதைதான். இந்த வித்தியாசத்துக்கு 'வ்ரில்' என்ற கடிகார மரபணு முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் வேதிச் சூழலியல் நிறுவன ஆய்வாளர்கள் 2017ல் சுட்டிக்காட்டினர்.

ஆனாலும் இந்தத் தடுப்புச்சுவரில் ஓட்டை உண்டு. இந்தியப் படைப்புழுக்களில் இரு ரகங்களின் மரபணு அடையாளங்களும் கலந்தே காணப்படுகின்றன.

விவசாயிக்கு இதில் என்ன?

பொறி இரவு முழுக்க மணந்தாலும், ஆண் வருவது தன் நேரத்தில்தான். அதே நேரத்தில் நிஜப் பெண்களும் அழைத்துக்கொண்டிருக்கும், அதாவது பொறிக்குப் போட்டி உண்டு. ஒரு பெண் 1,000க்கும் மேல் முட்டையிடும். எனவே பொறியில் ஆண்கள் விழத் தொடங்கினால் அதை வெற்றி என்று எண்ண வேண்டாம். அது எச்சரிக்கை மணி. மறுநாள் காலையே இலைகளில் முட்டைக் குவியலைத் தேட வேண்டும்.