உப்பு கொட்டிய கை



முழங்கால் வலியால் நாலு நாளாக வீட்டோடு கிடக்கிறேன். பொழுது போகட்டும் என்று பேரன் ஒரு பழைய கறுப்பு வெள்ளை வீடியோ காட்டினான். கோட்டு போட்ட ஒருவர் மூடிய கைக்குள் கொஞ்சம் உப்பைக் கொட்டுகிறார். விரித்தால் உப்பைக் காணோம். பிறகு அதே கையிலிருந்து உப்பு கொட்டுகிறது, கொட்டுகிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது. அவரே சங்கடப்பட்டு நெளிகிறார்.

"இவர் பிரைஸ் ஏதாவது வாங்கியிருக்காரா தாத்தா?" என்றான். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் விடுவேனா?

அவர் ஃப்ரெட் காப்ஸ், 1926-இல் உட்ரெக்ட் நகரில் பிறந்த ஹாலந்துக்காரர். மேஜிக்குக்கும் உலகப் போட்டி உண்டு. உலகப் போர் முடிந்து மூன்றே ஆண்டில், 1948-இல், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பல நாட்டு மேஜிக் சங்கங்கள் கூடி ஒரு கூட்டமைப்பு தொடங்கின. சுருக்கமாக 'ஃபிசம்' என்பார்கள். 1952 முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போட்டி. உச்ச விருது 'கிராண்ட் பிரீ'. காப்ஸ் அதை 1950-இல் பார்சிலோனாவில் வாங்கினார். 1955-இல் ஆம்ஸ்டர்டாமில் வாங்கினார். 1961-இல் லியேஜில் மறுபடி வாங்கினார். மூன்று முறை வென்றவர் அவர் ஒருவர்தான்.

அங்கே நடுவர்களும் மேஜிக்காரர்கள், எதிரே உட்கார்ந்திருப்பவர்களும் பெரும்பாலும் மேஜிக்காரர்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. தேறவில்லை என்று பட்டால் ஒரு பிரிவில் முதல் பரிசே கொடுக்காமல் விடுவதும் உண்டு. அந்தத் தெருவில் மூன்று முறை விற்றவர் அவர்.

இனி 1964 பிப்ரவரி 9-க்கு வாருங்கள். நியூயார்க்கில் எட் சல்லிவன் டிவி நிகழ்ச்சி. முதலில் மேடையேறியவர்கள் பீட்டில்ஸ். அமெரிக்காவில் அவர்களுடைய முதல் நேரடி டிவி நிகழ்ச்சி அது. ஏழு கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். பெண்பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தி ஓய, ஒரு விளம்பரம் போக, அடுத்து வந்தவர் காப்ஸ்! சீட்டு வித்தை, பிறகு உப்பு. அப்படியொரு கூட்டம் எந்த மேஜிக்காரருக்குக் கிடைக்கும்? ஆனால் அந்த இரவைப் பற்றிப் பேசுகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? (அதே 1964-இல்தான் நம் பி.சி.சர்க்காருக்குப் பத்மஸ்ரீ.)

பரிசு சிலருக்கு வாழ்வு தந்ததும் உண்மை. 1982-இல் 22 வயதில் கிராண்ட் பிரீ வென்ற முதல் அமெரிக்கர் லான்ஸ் பர்ட்டனுக்கு, பின்னாளில் லாஸ் வேகாஸில் அவர் பெயரிலேயே அரங்கம் அமைந்தது. காப்ஸ் 1980-இல், 54 வயதில் போய்விட்டார். ஆனாலும் என்னைக் கேட்டால் காப்ஸ்தான் பெரியவர்.

இதையெல்லாம் பேரனுக்குச் சொல்லி முடித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. பல வருடங்களுக்கு முன் ஓர் ஆண்டு விழா, தனித்திறன் போட்டி, நான் நடுவர். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடமே ஒரு ரூபாய் வாங்கி, கைக்குட்டையில் வைத்து மறைத்தான். "பாட்டு, பேச்சு, நடனம், இது எதிலும் சேராதே" என்று மதிப்பெண்ணே போடாமல் தாளைக் கொடுத்துவிட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் படியிறங்கிப் போனான்.

தம்பி, உன் பெயர் நினைவிருக்கிறது, இங்கே எழுதவில்லை. இதைப் படித்தால் ஒரு வரி போடு. அந்த ரூபாயை நீயே வைத்துக்கொள்.