விலைக்குக் கொடுத்தலும் விலை போதலும்

உரோம அறிஞர் பிளினி, கி.பி. 77ஆம் ஆண்டளவில் நிறைவு செய்த தம் இயற்கை வரலாற்று நூலில் ஒரு மனக்குறையை எழுதி வைத்தார். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்துக்குக் குறையாமல் இந்தியா தம் பேரரசின் செல்வத்தை ஈர்த்துக்கொள்கிறது. அது அனுப்பும் சரக்கோ இங்கே நூறு மடங்காக விலை போகிறது என்பதே அக்குறை. கருமிளகு ஓர் உரோம இராத்தல் 4 தெனாரியம் விற்ற காலம் அது.

'விலை போகிறது' என்று யாம் எழுதியது வேண்டுமென்றே. பிளினி ஆண்ட இலத்தீன் வினை 'வேனீரே'. 'வேனும்' என்பது விற்பனை. 'ஈரே' என்பது போதல். இதன் இணைவினை 'வேந்தெரே', அதாவது விற்றல். அதுவும் 'வேனும்', 'தரே' என்னும் இரண்டும் கூடியதே. 'தரே' என்றால் கொடுத்தல். உடனே நம் 'தா'வை நினைந்து துள்ளும் அன்பர்கள் பொறுத்தருள்க; ஒலி ஒத்தது கொண்டு உறவு கூறல் ஆகாது. 'வேனும்' என்பதற்கு வடமொழியின் 'வஸ்ந' உறவு. நம் விலைக்கோ மலையாளத்து 'வில'யும் தெலுங்கின் 'வெல'வும் கன்னடத்தின் 'பெலெ'யுமே சுற்றம். உறவற்ற இரு மொழிகள் ஒரே வகையில் எண்ணியிருப்பதே வியப்பு. சோழர் காலத்து ஊர்ச்சபையார் நிலம் விற்றபோது கல்லில் வெட்டுவித்த தொடர் 'விற்றுக் குடுத்தோம்' என்பது. அங்கும் விற்பனைக்குள் ஒரு கொடை நிற்கிறது.

பழந்தமிழில் விற்றலைக் குறிக்க வேறு சொற்களும் உண்டு. கள் விற்ற இடத்தில் 'நொடை' வழங்கிற்று. 'பகர்தல்' என்பதற்குச் சொல்லுதல், விற்றல் என இரு பொருளும் உண்டு. உப்பு விற்கும் பெண் சேரியில் விலை கூறிச் செல்வதை அகநானூறு காட்டும். தில்லித் தெருவில் காலையில் காய்கறி வண்டிக்காரன் குரல் கேட்டெழும் நமக்கு இவ்விரு பொருளும் ஒன்றான விதம் விளங்காமற் போகாது. ஆயினும் நம் இல்லங்களில் பிள்ளைகள் 'சேல் பண்ணினான்' என்கின்றனர். 'விற்றான்' என்பதே அருகி வருகிறது. இலத்தீனில் பொருள் எதிர்த்திசையில் நடந்தது: தம் சொற்பொழிவு ஒன்றை நன்கு புகழ்ந்து பரப்பிய நண்பர் அட்டிக்கசுக்கு, அதனைச் சிறப்பாக 'விற்றுவிட்டீர்' என்று சிசரோ மடல் எழுதினார்.

விற்கப்படுவது சரக்கு மட்டுமன்று. வர்ஜில் தம் காவியத்துப் பாதாளத்தில், பொன்னுக்குத் தாய்நாட்டை விற்றவனையும் தண்டனைக்கு உள்ளாக்குகிறார். தமிழிலோ அத்தகையவன் எதையும் விற்பதில்லை. அவனே 'விலை போனான்'. கோப்புகளோடு இருபதாண்டு கழித்த என்போன்றோர்க்கு இவ்வழக்கை எவரும் விளக்க வேண்டுவதில்லை.