பிலியரி அட்ரீசியா: சிகிச்சை வரலாறு

கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுசேர்க்கும் நாளங்கள், பிறந்து சில வாரங்களுக்குள் அழற்சியால் இறுகி அடைபட்டுப்போகும் நோய் பிலியரி அட்ரீசியா. தேங்கும் பித்தம் கல்லீரலைச் சிதைக்கிறது. அறுவை சிகிச்சை இல்லையேல் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

1959இல் ஜப்பானின் செண்டாய் நகர அறுவை மருத்துவர் மோரியோ கசாய் ஒரு வழி சொன்னார். கல்லீரலின் வாயிலில் இறுகிக் கிடக்கும் நார்த்திசுவைச் சீவி எடுத்துவிட்டு, சிறுகுடலின் ஒரு பகுதியை மேலே கொண்டுவந்து அந்த இடத்திலேயே தைப்பது. கண்ணுக்குத் தெரியாத நுண்நாளங்களிலிருந்து பித்தம் நேராகக் குடலில் இறங்கும். குழந்தை பிறந்த 60 நாள்களுக்குள் செய்தால் பலன் அதிகம். அப்படிச் செய்தும் பலருக்குப் பின்னாளில் கல்லீரல் மாற்று தேவைப்படுகிறது.

அந்த மாற்று சிகிச்சையின் தொடக்கமும் இந்நோய்தான். 1963இல் அமெரிக்காவின் டென்வரில் தாமஸ் ஸ்டார்சில் உலகின் முதல் கல்லீரல் மாற்றைச் செய்தது பிலியரி அட்ரீசியா கண்ட மூன்று வயதுக் குழந்தைக்கு. ரத்தப்போக்கில் குழந்தை மேசையிலேயே இறந்தது. இந்தியாவில் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது 1994இல். 1998 நவம்பரில் டெல்லி அப்போலோவில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தைக்குத் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதி பொருத்தப்பட்டது. இந்தியாவில் குழந்தைக்கு நடந்த முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்று அது. அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவரானது தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய செய்தி. அந்த டெல்லி அறுவைக்கு முந்தைய ஆண்டு லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில், பிறந்து ஐந்தே நாளான சிசுவுக்குக் கல்லீரல் மாற்றியவர் முகமது ரேலா. பின்னர் அவர் சென்னைக்கே வந்துவிட்டார். இன்று இச்சிகிச்சைக்காக டெல்லிக்கு ரயிலேற வேண்டியதில்லை; முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் கைகொடுக்கிறது.

அறுவைக்கூடம் இவ்வளவு முன்னேறியும், குழந்தை அங்கே வந்துசேரும் நாள் முன்னேறவில்லை. சென்னை கோடம்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் ஒரு நிலையம் தாண்டினால் நுங்கம்பாக்கம். அங்கே 1978 முதல் காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனை இருக்கிறது. மூன்றாவது நிலையம் எழும்பூர், அரசு குழந்தைகள் மருத்துவமனை. தாமதத்துக்குத் தொலைவு காரணமல்ல. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வருவது சகஜம் என்று இளவெயிலில் காட்டுவார்கள். கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. குழந்தை நன்றாகப் பால் குடிப்பதால் சந்தேகமும் எழாது. அதற்குள் இரண்டு மாதம் ஓடிவிடும்.

நோயைக் காட்டிக்கொடுப்பது மலத்தின் நிறம். மஞ்சளாகப் போக வேண்டிய மலம் சுண்ணாம்பாய் வெளிறும். சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விடும். இரண்டு வாரம் கடந்தும் காமாலை இறங்காவிட்டால், ரத்தத்தில் நேரடி பிலிருபின் என்ற பித்த நிறமியைத் தனியாக அளந்து பார்க்க வேண்டும். தைவான் 2004 முதல் மலநிற அட்டையை நாடு முழுக்கத் தாய்மார்களிடம் கொடுத்துவருகிறது. சில நிறப்படங்கள் அச்சிட்ட அந்த அட்டை வந்த பிறகு, அங்கே 60 நாள்களுக்குள் அறுவைக்கு வரும் குழந்தைகள் கூடினார்கள்.